லேகியச் சீசாவில் பன்னிரண்டு கோடுகள்

கம்பவுண்டர் வெங்கடாசலத்துக்கு ஒரு குணம் உண்டு. சேலம் கடைவீதியில் வருஷக்கணக்காக மருந்து கலக்கியதில், உலகத்தில் நடக்கும் எல்லாக் குற்றத்துக்கும் பின்னால் ஒரு விஷப் புட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். ஆகவே, அவருடைய சிநேகிதரான ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் வீரபாகுவின் வீட்டுக்கு ஒரு காலையில் பயில்வான் ஒருவன் வந்து கண்கலங்கி நின்றபோது, வெங்கடாசலம் நாற்காலியை ஆவலாக முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

வந்தவன் பெயர் சின்னண்ணன். மல்லசமுத்திரத்துக் குடியானவன், குஸ்திக்காகவே இளம்பிள்ளையில் வந்து தங்கியிருப்பவன். அங்கே நெசவாளி சண்முகவேலும் அவனும் ஒரே கோதாவில் எட்டு வருஷமாக மண்ணில் புரண்டவர்கள். மாசி மாதம் திருச்செங்கோட்டில் நடக்கவிருந்த குஸ்திக்காகச் சண்முகவேல் ஒரு மண்டலம் விரதம் எடுத்திருந்தான். தினமும் காலையில் ஆயிரம் தண்டால், ஆயிரம் பஸ்கி. அந்த வலி தீர்ந்து உடம்பு மறுநாளைக்குத் தேற வேண்டுமே! அதற்காகக் கறுப்பு உளுந்தும் அமுக்கராவும் கருப்பட்டியும் நெய்யும் சேர்த்து வைத்தியர் லேகியம் கிண்டிக் கொடுத்திருந்தார். நாளுக்கு ஒரு நெல்லிக்காய் அளவு. நாற்பத்தெட்டு நாளைக்கு வரவேண்டியது, இருபதாம் நாளிலேயே முக்கால்வாசி காலி.

"சாயங்காலம் சாயங்காலம் நான் போயி அவனுக்கு உடம்பு புடிச்சு உடுவனுங்க. அதனால சீசா இருக்கற எடத்துக்குப் போறவன் நான் ஒருத்தன்தான்னு ஆயிப்போச்சு" என்றான் சின்னண்ணன். "எதிராளிக்கு ஆள் ஆயிட்டு அவன் லேகியத்தைத் தின்னு தீக்கறேனாமுங்க. கோதாவுல அத்தனை பேர் முன்னாலயும், 'இனிமே எம்மேல கை வெக்காதே'ன்னுட்டான். குஸ்தி போனாப் போகட்டுங்க. அவன் வாயால திருடன்னு கேட்டப்பறம் எனக்குச் சோறு எறங்கலைங்க."

அவ்வளவு பெரிய உடம்புக்காரன் மேல்துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விசும்பியதைப் பார்க்க வெங்கடாசலத்துக்கே பொறுக்கவில்லை. ஆனாலும் தொழில் விடவில்லை. "லேகியத்தில் ஏதாவது கலந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்" என்றார்.

"முதலில் பஸ்ஸைப் பார்ப்போம்" என்று வீரபாகு எழுந்தார்.

இளம்பிள்ளையில் சண்முகவேலின் வீட்டை நெருங்கும்போதே தறிச் சத்தம் கேட்டது. சின்னண்ணன் வாசலுக்கு வெளியே, வேப்பமரத்தடியிலேயே நின்றுவிட்டான். இவர்கள் இருவரும் உள்ளே நுழைந்ததும் தறி ஓய்ந்தது. சண்முகவேலின் மனைவி பூவாத்தாள் தறிக்குழியிலிருந்து தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நின்று, நிதானித்து, பிறகு சுவரோரமாகவே நடந்துபோய் மோர் கொண்டுவந்தாள். புது ஆட்களைக் கண்டால் கூச்சம் போலும் என்று வெங்கடாசலம் நினைத்துக்கொண்டார்.

சண்முகவேல் கண்ணாடிச் சீசாவை எடுத்துவந்தான். அதன் மேல் சுண்ணாம்பால் இழுத்த பன்னிரண்டு கோடுகள் இருந்தன. "சந்தேகம் வந்ததுலருந்து அவனை வெலக்கி வெச்ச வரைக்கும் தெனமும் காலையில நான் தின்னு முடிச்சதும், மட்டத்துக்குக் கோடு போட்டு வெச்சனுங்க."

"வீட்டில் வேறு யாராவது தொடுவார்களா?"

"ஊட்டுல நாங்க ரெண்டே பேருங்க. விரத மருந்து, பொம்பளை கை படக்கூடாதுன்னு மொத நாளே சொல்லிட்டனுங்க. அவளுக்கு எதுக்குங்க லேகியம்? தண்டால் எடுக்கறவன் நான். அவ தறியில சும்மா ஒக்காந்து நெய்யறவ."

"முன்பு தறியில் யார்?"

"நானுங்க. அவ தார்க்கட்டையில நூல் சுத்திக் குடுப்பா. இப்ப ரெண்டும் அவதான்."

வீரபாகு தலையாட்டிவிட்டுச் சீசாவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெங்கடாசலம் மோந்து பார்த்தார்; நெய் வாசனைதான் வந்தது, விஷம் வரவில்லை. அவருக்கு ஏமாற்றமாக இருந்தது.

"வெங்கடாசலம், இந்தக் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாரும்."

"எல்லாம் ஒரே அளவு இருக்கிறது. ஓரிடத்தில் மட்டும் அதில் பாதி."

"அந்த ஒரு நாள் மட்டும் சண்முகவேல் தின்ற பங்குதான் குறைந்திருக்கிறது. வேறு யாரும் தொடவில்லை. அது என்ன நாள், தம்பி?"

சண்முகவேல் விரல் விட்டு எண்ணினான். "போன அமாவாசைங்க."

"அன்றைக்கு நீ கோதாவுக்குப் போனாயா?"

"கோதாவுக்கு ஏதுங்க அமாவாசை? போனேன்."

"சாயங்காலம் சின்னண்ணன் உடம்பு பிடித்துவிட வந்தானா?"

"வந்தான். மத்த நாளைவிட அதிக நேரம்..." சண்முகவேல் பேச்சை நிறுத்தினான்.

"வந்தான். சீசா இருக்கும் இடத்தில் அதிக நேரம் இருந்தான். ஆனால் அன்றைக்கு லேகியம் கூடுதலாகக் குறையவில்லை. அப்படியானால் எடுத்தது அவன் இல்லை." வீரபாகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அமாவாசை அன்று கோதாவுக்கு லீவு இல்லை. இந்த ஊரில் எதற்கு லீவு?"

வெங்கடாசலம் சேலத்துக்காரர், அவருக்கே சட்டென்று தெரிந்துவிட்டது. அமாவாசையன்று நெசவாளி வீட்டில் தறி ஓடாது. அவர் பார்வை தறிக்குழிக்குப் போயிற்று, பிறகு அவள் பிடித்துக்கொண்டு எழுந்த தூணுக்குப் போயிற்று. இதைக் கூச்சம் என்று நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

வீரபாகு பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. மோர்ச் சொம்பை வைத்துவிட்டுப் பூவாத்தாளே முன்னால் வந்தாள்.

"நாந்தானுங்க எடுத்தேன். விடியறதுக்கு முந்தி தார் சுத்தி, பொழுதெறங்கற வரைக்கும் தறி மிதிச்சா, ராத்திரி தொடை ரெண்டும் விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுங்க. ஒரு நாள் துளியூண்டு வாயில போட்டேன். காத்தால எந்திரிக்க முடிஞ்சுது. அப்பறம் உட முடியலை." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சொன்னா விரதம் கெட்டுப்போச்சுன்னு இவிய மனசு ஒடைஞ்சிருவாங்கன்னு பயந்துட்டேன். பழி அந்த அண்ணன் மேல போயி உழும்னு நெனைக்கலைங்க. உழுந்தப்பறம் வாய் வரலை."

சண்முகவேல் தறிக்குழி ஓரம் போய் நின்றான். தறியைப் பார்த்தான். அவன் விட்டுப்போன சேலை எப்போதோ முடிந்து, வேறொரு சேலை பாதி நெய்யப்பட்டிருந்தது. தண்டாலுக்கு ஆயிரம் எண்ணத் தெரிந்தவனுக்கு, அவள் மிதித்த மிதியை ஒரு நாளும் எண்ணத் தோன்றவில்லை.

சீசாவைத் திறந்து, பெரிய நெல்லிக்காயாகவே ஓர் உருண்டை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"விரதமுங்க..." என்றாள் அவள்.

"விரதம் எனக்குத்தான் புள்ள. உன் காலுக்கு இல்லை. தின்னு."

பிறகு வாசலுக்குப் போனான். வெங்கடாசலம் சும்மா இருப்பாரா, பின்னாலேயே போனார். வேப்பமரத்தடியில் சின்னண்ணன் தலையைக் குனிந்தபடி நின்றான். சண்முகவேல் நேரே அவனிடம் போனான். அவன் முன்னால் மண்ணிலேயே முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"எம்மேல கை வெய்யிடா" என்றான்.

சின்னண்ணன் மேல்துண்டை உதறித் தோளில் போட்டான். பிறகு மண்டியிட்டு, அந்தத் தோள்களை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கத் தொடங்கினான். "மரமாட்டம் இறுகிக் கெடக்குது. ரெண்டு நாள் நான் வராட்டி இப்படியாடா?" என்று திட்டினான். கோதாவில் சொன்ன சொல்லைக் கோதாவிலேயே திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சண்முகவேல் சொன்னான். 

பஸ்ஸுக்கு நடக்கும்போது வெங்கடாசலம் கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லித் துடைத்துக்கொண்டார். வீரபாகு நம்பியதாகவே காட்டிக்கொண்டார். தெரு முழுக்கத் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அன்று அமாவாசை இல்லை. ஆனாலும் அந்த ஒரு வீட்டில் மட்டும் தறி ஓடவில்லை.