கறுப்பு டேப்புக்கு மேலே

தொட்டியில் தண்ணீர் குறையவில்லை. மே மாத மேற்கு மாம்பலத்தில், மின்விசிறி ஓயாமல் சுற்றும் கூடத்தில், பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி நாளுக்கு ஒரு விரற்கடை வற்றியே தீரும்; உப்பு தங்கிவிடும், தண்ணீர் மட்டும் காற்றோடு போய்விடும். கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு டேப் வரைக்கும் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்புவது சாய்சரணின் அன்றாட வேலை. அன்று குவளையோடு வந்தவன் அப்படியே நின்றான். தண்ணீர் டேப்புக்கு மேலே இருந்தது.

"நீ தண்ணி ஊத்தினியா?"

"உன் தொட்டிய நான் தொட்டு வருஷமாச்சு," என்றாள் அவன் மனைவி ஸ்ரீலக்ஷ்மி, அடுப்பைவிட்டுத் திரும்பாமல். "பெத்த பொண்ணைக்கூட நீ இப்படிப் பாத்துப் பாத்துப் பண்ணல."

மொண்டு கொட்டினான். மறுநாளும் ஏறியிருந்தது.

புதிதாக உள்ளே போனது ஒன்றே ஒன்று: பட்டினப்பாக்கத்தில் மீனவர் ஒருவர் வலையில் சிக்கி வந்த, ஓட்டை ஓட்டையான பாறைத் துண்டு. எந்தக் கல்லையும் ஒரு மாதம் தனி வாளியில் போட்டு, உள்ளிருந்து என்ன வருகிறதென்று பார்த்த பிறகே தொட்டியில் இறக்க வேண்டும். தொட்டி வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் புதியவர்களை இதற்காகத் திட்டுகிறவனே அவன்தான். ஆனால், "குளிக்கற எடத்துல கல்லுக்குத் தனி பக்கெட்டா? ஒண்ணு அது இருக்கணும், இல்ல நான் இருக்கணும்," என்று அவள் கத்திய அன்று, வீம்புக்கு நேராகத் தொட்டிக்குள் இறக்கிவிட்டான்.

முதலில் நத்தைகள் போயின. ஓடுகள் மட்டும் மணலில் கிடந்தன. க்ளவுன் மீன்கள் இரண்டும் மேல் மூலையில் ஒண்டிக்கொண்டு, தீனி போட்டாலும் இறங்க மறுத்தன. பிறகு ஒன்று இருந்தது. பிறகு அதுவும் இல்லை. கூடத்தில் எப்போதும் இருக்கும் உப்பு வாசனை மாறி, அடையாறு முகத்துவாரத்தில் நீர் இறங்கியபின் கிளம்பும் சேற்று நாற்றம் திரைச்சீலைகளில்கூடப் படிந்தது. கைபேசி விளக்கைக் கல்லின் பெரிய ஓட்டைமேல் அடித்தபோது, அதன் வாயில் வெளுப்பாக நின்றிருந்த ஏதோ ஒன்று, வெளிச்சம் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.

மைத்ரியைக் குளிப்பாட்டும்போதுதான் அவனுக்கு உறைத்தது. மூன்று வயதுக் குழந்தை பிளாஸ்டிக் டப்பில் உட்கார்ந்தாள். தண்ணீர் விளிம்புக்கு ஏறியது. தொட்டியில் தண்ணீர் கூடவில்லை. உள்ளே இருப்பது பெருத்துக்கொண்டிருந்தது.

அவளைத் தூங்கவைத்துவிட்டு, வெளியே போயிருந்த ஸ்ரீலக்ஷ்மியை ஃபோனில் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னான்.

"நந்தனம் சிக்னல்ல நிக்கறேன்," என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "நான் வர்றதுக்குள்ள அந்தக் கல்லு வீட்டுல இருக்கக் கூடாது."

"எடுத்துடறேன்."

"கொழந்தை ரூம் கதவு சாத்தியிருக்கா?"

"சாத்தித்தான் இருக்கு."

ரப்பர் கையுறையைத் தேடிச் சமையலறைப் பரணைக் குடைந்துகொண்டிருந்தபோது, கோடை மழை சடசடவென்று இறங்கியது, மின்சாரம் போயிற்று. பம்பு நின்றது. வருடக்கணக்கில் அந்த வீட்டின் மூச்சைப்போல ஓடிய முனகல் அடங்கியதும், அவன் மூச்சு அவனுக்கே பெரிதாகக் கேட்டது.

கூடத்துக்கு வந்து விளக்கை அடித்தான். தண்ணீர் டேப்புக்கு நான்கு விரல் கீழே இருந்தது.

அப்பாடா என்றிருந்தது. ஒரு கணம்தான்.

அது உள்ளே இருந்ததால் ஏறிய தண்ணீர். இறங்கியிருந்தால், அது உள்ளே இல்லை.

கண்ணாடியின் வெளிப்பக்கம் ஈரம். தரையில் ஈரம். ஒரு கை அகலத்துக்கு ஒரே கோடு. அதன் ஓரங்கள் காய்ந்து உப்பு பூத்திருந்தன. அப்படியானால், போய் நேரமாகிவிட்டது.

கோடு படுக்கையறைக்குப் போனது. கதவு சாத்தித்தான் இருந்தது. அடியில் ஒரு விரல் இடுக்கு.

திறந்தான்.

மைத்ரி தூங்கிக்கொண்டிருந்தாள். மார்பு ஏறி இறங்கியது. கட்டில் காலில் ஈரம். போர்வையில் ஈரம். தலையணையில். திரும்பி வந்த தடம் இல்லை. அவள் உதடுகள் வெள்ளையாக உப்பு பூத்திருந்தன.

வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

"சரண், கல்லு போயிடுச்சா?"

அம்மாவின் குரலுக்கு மைத்ரி கண் விழித்தாள். அவனைப் பார்த்தாள். அப்பா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். விளக்கு அவன் கையில் இருந்தது. பால்பற்களுக்குப் பின்னால் வெளுப்பாக நின்றது, வெளிச்சம் பட்டதும் சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டது.