அரிசி கழுவிய தண்ணீரும் அம்மாவின் ஐரிஸும்

ஜூலை மழை பேருந்தின் கண்ணாடியில் கோலமிட்டுக்கொண்டிருந்தது. டோர்வல் விமான நிலையத்தில் வேலை முடித்து வந்த சாருஜா, "வாறன் அப்பா" என்று கைப்பேசியை வைத்தாள். பக்கத்து இருக்கை இளைஞன் அவளது பையின் பக்கம் குனிந்து... முகர்ந்தான்!

"மோப்பம் பிடிக்கிறதுதான் உங்கட தொழிலோ?"

"கிட்டத்தட்ட..." அவன் சிவந்துபோனான். "மன்னிச்சுக்கோங்க. பையில ஐரிஸ் பூச்செடிக் கிழங்குதானே? அழுகியிருக்கு. என் பேர் நவநீத். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ விவசாய வளாகத்துல செடி நோய் பத்தி ஆராய்ச்சி பண்றேன்."

மழை கழுவிய இலைபோல் அத்தனை தெளிந்த கண்கள்... அவளது கோபம் எங்கோ இறங்கிப் போயிற்று.

"அம்மா கடைசியா நட்டது. இதுவும் செத்துப்போனா அப்பா தாங்கமாட்டார். இதைக் காட்டி மருந்து வாங்கப் போறன்."

"மருந்து வேணாங்க, கத்தி போதும். சனிக்கிழமை வரட்டுமா?"

வந்தான். அஹுன்ட்சிக்கில் சாருஜா வீட்டு முற்றத்தில் குனிந்தவன் பதறிவிட்டான்.

"யாருங்க இப்படி மண்ணைக் குவிச்சது? மஞ்சள் கிழங்கு மாதிரி இதைப் புதைக்கக் கூடாது, வெயில்ல காயணும். தண்ணி ஊத்தி ஊத்தியே கொன்னுட்டாங்க!"

பின்னால் சாருஜாவின் தந்தை கணேசலிங்கம், அரிசி கழுவிய தண்ணீர்ச் சட்டியுடன் நின்றிருந்தார். மனைவி எல்லாச் செடிக்கும் அதை ஊற்றிவந்த வழக்கத்தை, அவள் போனபின் அவர் ஒருநாளும் தவறவிட்டதில்லை. கிழங்குக்குக் குளிருமே என்று மண் போர்த்தியவரும் அவர்தான்.

"நான்தான் தம்பி. நீர் போயிட்டு வாரும்."

"அப்பாவை ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்று கதவைச் சாத்தினாள் சாருஜா. ஆனால், யன்னல் வழியே தெருமுனை வரை அவனைப் பின்தொடர்ந்த கண்களை என்ன செய்வது?...

மறுநாள் காலை மணி ஒலித்தது. கையில் சிறு கத்தியும் ஸ்பிரிட் போத்தலுமாய் நவநீத்.

"என் வாய்தான் தப்பு, அங்கிள். நீங்க பாசத்துலதான் செஞ்சீங்க. நான் தொடல... நீங்களே வெட்டுங்க, நான் பக்கத்துல நிக்கறேன்."

கணேசலிங்கம் கத்தியை வாங்கினார். அழுகல் பரவாதிருக்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்துத் தந்தான் நவநீத். கூழான பகுதியெல்லாம் நாற்றத்தோடு கழிந்தபின், வெள்ளையாய் ஒரு துண்டு எஞ்சியது.

"கல்லு மாதிரி இருக்குப் பிள்ளை!" என்று அதை மகளிடம் நீட்டினார்.

உலரவைத்து, முதுகு மண்ணுக்கு மேலே தெரிய நட்டார்கள். அதன்பின் செடி பார்க்கவென்று அவன் வாராவாரம் வந்தான். பனி மூடிய நாட்களிலும் வந்தான்!

அடுத்த ஜூனில் ஊதா நிறத்தில் ஒரு பூ விரிந்தது.

"இனி எனக்கு இங்க வேலை இல்லையே..." என்றான் நவநீத்.

சாருஜா நிலம் பார்த்தாள். "நேற்று அரிசித் தண்ணிச் சட்டியோட இதிலை நிண்டனான். ஊத்தினா திரும்ப அழுகும்... நீங்களும் வருவியள் எண்டு..."

"ஊத்திட்டீங்களா?"

"இல்லை... செடி பாவமெல்லே."

சிரிக்கத் தொடங்கியவன் பாதியில் நிறுத்தினான். "பனியில செடி என்னங்க தெரியும்? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன்..."

சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தம்பி! இந்த அரிசித் தண்ணியை எங்கை ஊத்துறது?"

அவள் கண்களிலிருந்து பார்வையை எடுக்காமலே, இதுநாள்வரை 'அங்கிள்' என்று அழைத்தவன் சொன்னான்:

"கறிவேப்பிலைத் தொட்டிக்கு ஊத்துங்க... மாமா!"

உள்ளே சட்டியை வைக்கும் ஓசை. பிறகு, "ஓம்... ஓம்" என்று கணேசலிங்கம் சிரிப்பது கேட்டது.