நாற்பத்தோராவது பதிவு

மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம், லேப்டாப்புக்கு மதர்போர்டு மாற்றுவதற்காக அந்தப் பழைய வீட்டின் படியேறினேன். வழக்கமாக நாங்கள் வீடு தேடிப் போவதில்லை. கடைக்குக் கொண்டு வாருங்கள் என்று எவ்வளவோ சொன்னேன், வீட்டுக்காரர் பிடிகொடுக்கவில்லை. ஒரு தடவை மனைவி ஏதோ ஒரு கடையில் கொடுத்துப் பட்டது போதும், மெஷின் இனி வாசலைத் தாண்டாது என்று போனிலேயே முடித்துவிட்டார். "போயிட்டு வா மாப்பிள்ளை, புது போர்டு டிராயர்ல இருக்கு" என்று டப்பாவை என் கையில் திணித்து அனுப்பினார் மச்சான்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பதினொரு வருடமாக இருவரும் சேர்ந்து கடை நடத்துகிறோம். எந்த மெஷின் வந்தாலும் அவர் உள்ளே வைத்துப் பிரித்துப் பார்ப்பார், நான் முன்னால் நின்று வாடிக்கையாளரிடம் விஷயத்தைச் சொல்வேன். போர்டு மாற்றுவது மாதிரியான ஸ்க்ரூ வேலை எனக்கும் வரும். மற்றபடி அவர் சொன்னால் சொன்னதுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஒரே ஒரு ஜன்னல், அதையும் மழைக்குப் பயந்து அடைத்திருந்தார்கள். ஈரக் காகிதத்தின் வாசனை. அதற்கு அடியில் ஆஸ்பத்திரி வார்டில் வருமே, அந்த ஸ்பிரிட் வாசனை.

மனைவி இறந்து ஒன்றரை வருடம் ஆகிறதாம். லேப்டாப் அவருடையது. ஒன்பது வயது மகள், வேறு வாங்கித் தருகிறேன் என்றாலும் கேட்காமல் அம்மாவுடையதுதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். நான் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஹார்ட் டிஸ்க் பூட்டு போட்டது. அந்தப் பூட்டின் சாவி பழைய போர்டுக்குள்தான் இருந்தது. புது போர்டு போட்டால் மெஷின் ஓடும், உள்ளே இருப்பது திறக்காது.

தெரியும் என்பது போலத் தலையாட்டினார். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தொண்டையில் ஆபரேஷன் என்று முடிவானதும், ஒரு மாதம் உட்கார்ந்து மகளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் தன் குரலில் பதிவு செய்து வைத்தாராம் அந்த அம்மா. ஆபரேஷனுக்குப் பிறகு குரல் இல்லை. அதே சமயத்தில் மெஷினும் போய்விட்டது.

"அதுக்குள்ள இருக்கறது அவ குரல் சார். போனது போகட்டும், மெஷினாவது ஓடட்டும்" என்றார். மகளைப் பள்ளியிலிருந்து அழைத்து வரக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

தனியாக உட்கார்ந்து அடிமூடியைக் கழற்றினேன். உள்ளே எங்கள் கடை ஸ்டிக்கர். ஊரில் பாதி மெஷின் எங்களிடம் வந்து போனதுதான், அதனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேட்டரி ஒயரைப் பிடுங்கி வைத்தேன். பழைய போர்டில் ஒரு மூலை கருகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, டப்பாவிலிருந்த போர்டை அந்த இடத்தில் பொருத்தினேன்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மழை என்றுதான் முதலில் நினைத்தேன். மழை அப்படி இழுத்து, நின்று, மறுபடி விடாது. ஓட்டைக் குழாய் வழியாகக் காற்று போய் வருகிற மாதிரி ஒரு மூச்சு. லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

ஸ்பீக்கர் ஒயரை நான் இன்னும் சொருகவில்லை.

பேட்டரியும் இல்லை.

போர்டிலிருந்து கையை எடுத்தேன். நின்றது. கையை வைத்தேன். மறுபடி வந்தது.

வேலையை முடித்துவிட்டு ஓடினால் போதும் என்று விறுவிறுவென்று ஒயர்களைச் சொருகி மெஷினைப் போட்டேன். புது போர்டு வெறுமையாகத்தான் வரும். மெஷினின் சீரியல் நம்பரை நாங்கள்தான் அதில் பதிய வேண்டும். அதற்கான பக்கத்தைத் திறந்தால் நம்பர் ஏற்கெனவே இருந்தது. மெஷினைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த நம்பரோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒரு எழுத்து மாறவில்லை.



டிஸ்க் சாவி கேட்கவில்லை. தானாகவே திறந்துகொண்டது. அப்படியென்றால் நான் போட்டது புது போர்டே அல்ல, இதே மெஷினோடு வந்த போர்டு. நல்ல போர்டை யாரோ உருவிக்கொண்டு, கருகியதை வைத்து மூடியிருக்கிறார்கள். எங்கள் கடையில் மெஷினைப் பிரிக்கும் ஆள் ஒருவர்தான்.

திரையில் ஒரு பெண்ணின் படம் வந்தது. எனக்கு முகம் தெரிந்தது. கழுத்தில் கட்டோடு கடைக்கு வந்தவர், பேச முடியாமல் சின்ன நோட்டில் எழுதிக் காட்டியவர். "போர்டு அவுட், சொல்லிடு" என்று உள்ளிருந்து மச்சான் குரல் கொடுத்தார். சொன்னேன். அந்த அம்மா நோட்டைத் திருப்பிக் காட்டினார். "நீங்களே பார்த்தீர்களா?" என்று எழுதியிருந்தது. நான் பார்க்கவில்லை. "ஆமாக்கா, நானே பாத்தேன்" என்றேன். தினமும் நாலு பேரிடம் சொல்கிற பொய்தான் அது.

ஸ்பிரிட் வாசனை தொண்டையை அடைத்தது.

என் பிடரியில் காற்று பட்டது. இழுத்து, நின்று, விட்டு.

நான் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியாதுக்கா" என்று முணுமுணுத்தேன். "சத்தியமா தெரியாது."

மூச்சு நின்றது. ஆனால் யாரும் விலகிப் போனதாகத் தோன்றவில்லை.

வாசலில் குடை மடக்கும் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உயிர் வந்தது. நாற்பத்தோரு பதிவுகள் இருந்தன. முதல் குரல் கேட்டதும் வீட்டுக்காரர் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டார். மகள் அழவில்லை. ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசிப் பதிவு ஆபரேஷனுக்கு முந்தின நாளுடையது.

"யார் மேலயாவது தீராத கோபம் வந்தா, கண்ணு, கத்தாத. நீ என்ன பண்ணணும்னா..."

அதோடு நின்றது. சார்ஜ் தீர்ந்துபோயிருக்க வேண்டும். மிச்சத்தைச் சொல்ல அந்த அம்மாவுக்குப் பிறகு குரல் இல்லை. அந்தக் குழந்தை அதை மூன்று முறை ஓட விட்டது.

எப்படித் திறந்தது என்று வீட்டுக்காரர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு கேட்டார். உங்கள் அதிர்ஷ்டம் என்றேன். உண்மையைச் சொன்னால் கடை போகும், என் மனைவி கூடப் பிறந்தவனின் மானம் போகும். நல்லா இருப்பீங்க என்று வாழ்த்தி அனுப்பினார். அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டு வந்த என்னை என்ன சொல்வது?

நேராகக் கடைக்குப் போய் மச்சானிடம் கேட்டேன். அவன் மறைக்கவே இல்லை. அந்த மெஷினுக்குச் சார்ஜ் ஏறும் பின் மட்டும்தான் போயிருந்ததாம். அதே போர்டு அவசரமாக வேண்டும் என்று வேறொருவன் கேட்டிருக்கிறான், இவன் உருவி வைத்திருக்கிறான். கேட்டவன் வரவே இல்லை. போர்டு டிராயரில் கிடந்தது, யாருடையது என்பதும் மறந்துவிட்டது.

"அவங்க குரல் அதுல இருக்குன்னு நான் என்ன ஜோசியமா பாத்தேன்? அதுவும் இல்லாம, அந்தம்மாகிட்ட நான் ஒரு வார்த்தை பேசினேனா? நானே பாத்தேன்னு சொன்னது நீ."

பதினொரு வருடமாக என்னை எதற்கு முன்னால் நிறுத்தி வைத்தான் என்பது அப்போதுதான் உறைத்தது. கூடப் பிறக்காத அண்ணனாக நினைத்திருந்தேன். கூடவே இருந்து குழி பறித்துவிட்டான். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன்.

காற்றுதான் வந்தது.

மூன்று வாரமாகிறது, குரல் திரும்பவில்லை. டாக்டர் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிட்டு, ஒரு குறையும் இல்லை என்கிறார். மச்சான் இப்போது தானே முன்னால் நின்று வாடிக்கையாளர்களிடம் தேனொழுகப் பேசுகிறானாம். உருவியவன் குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நேற்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். விழித்தபோது என் மனைவி சுவரோரம் ஒடுங்கி நின்றிருந்தாள். கையில் போன்.

"நீங்க தூக்கத்துல பேசினீங்க" என்றாள். "உங்க குரல் இல்லைங்க அது."

போனில் பதிந்திருந்ததைப் போட்டாள். குழந்தைக்குப் பாடம் சொல்வது போல நிதானமாக ஒரு பெண் குரல்.

"...அவங்க வீட்டுக்கே போய் உக்காந்துக்கோ. உண்மைய சொல்ற வரைக்கும் எந்திரிக்காத."

அதைக் கேட்ட பிறகுதான் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் இந்த நோட்டில் எழுதினேன். அந்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எழுதி முடித்து ஒரு மணி நேரம் ஆகிறது, நான் இன்னும் கிளம்பவில்லை. எதிரே நாற்காலி காலியாக இருக்கிறது. அதில் போட்டிருக்கும் மெத்தை நடுவில் அமுங்கியிருக்கிறது.