நிரப்பிய பள்ளம்

பாக்கியலட்சுமி பின்வாசலில் கொட்டிய அரிசி கழுவிய தண்ணீர் லோங்காங் சாக்கடையில் விழாமல் திரும்பி, படியேறி, அடுப்படியைக் கடந்து, பிள்ளை தூங்கும் அறைப் பக்கம் ஊர்ந்து போனது.

"என்னாங்க, இங்க வந்து பாருங்களேன். ஊத்துற தண்ணியெல்லாம் உள்ளுக்கு வருது."

"தர சாஞ்சிருக்கும். மழ விடட்டும், பாக்கலாம்" என்றான் ராஜரத்தினம், வரைபடத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

"புள்ள வேற விடிஞ்சதுலேர்ந்து பால் குடிச்சிக்கிட்டே இருக்கான். வயிறு ரொம்பவே மாட்டேங்குது."

ராஜரத்தினம் வடிகால் ஆபீசில் படம் வரைபவன். காஜா பேராங் வட்டாரம் முழுக்க அளந்து வந்த தரை உயரங்களை வைத்து, மழைத் தண்ணீர் ஓடும் வழிக்கு நீல மையில் அம்பு போட வேண்டும். சுற்றிலும் மேடாக இருக்க, நடுவே ஒரே ஒரு எண் மட்டும் படுபள்ளமாக இருந்தால், அளந்தவர் பிழை என்று அக்கம்பக்கத்து உயரத்துக்கு அதை நிரப்பிவிடுவது ஆபீஸ் வழக்கம். இல்லாவிட்டால் அம்புகளெல்லாம் அங்கேயே போய் நின்றுவிடும், ஆற்றைச் சேராது. நேற்று அவன் பிளேடால் எண்ணைச் சுரண்டி நிரப்பிய பள்ளம், படத்தில் அவன் வீட்டின் மேலேயே இருந்தது. அப்போது அவனுக்குச் சிரிப்புத்தான் வந்தது.

பேனாவை மையில் தொட்டு எடுக்கப் போனவன் கை நின்றது. மைப்புட்டி நேராக இருந்தது. உள்ளே மை மட்டும் அறைப் பக்கம் சாய்ந்து நின்றது.

தகரக் கூரையில் மழை ஓயாமல் கொட்ட, ஈரக் கரியும் பூஞ்சைச் சுவரும் கலந்த வாடை மூச்சை அடைக்க, முன்வாசல் படியேறி வந்த தெருத்தண்ணீர் மெர்டேக்கா சுதந்திர நாளுக்குக் கட்டிய காகிதக் கொடியொன்றையும் இழுத்துக்கொண்டு அவன் கால்களைச் சுற்றி உள்ளே போனது. அறையில் அது தேங்கவில்லை. சேலைத் தொட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்ந்து காணாமல் போனது. தரையில் விரிசல்கூட இல்லை. ஏதோ ஒன்று விழுங்கும் சத்தம்.

மடக். மடக்.

கீழேதான். தரைக்குக் கீழே!

"பாக்கியம், வெளிய ஓடு!"

பிள்ளையை வாரி எடுத்தான். கிணற்றிலிருந்து நிறைகுடம் இழுப்பது போலக் கனத்தான் பிள்ளை. புக்கிட் பாரு பக்கத்து மேட்டை நோக்கி ஓடினார்கள். படத்தில் அதுதான் உயரம். அங்கே தண்ணீர் நிற்காது. உச்சிக்கு வந்ததும் பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதேவிட்டான். பிழைத்துவிட்டோம்.

"என்னாங்க" என்றாள் பாக்கியலட்சுமி. "தண்ணி..."

திரும்பிப் பார்த்தான். சாலைத் தண்ணீர் பள்ளத்துக்கு இறங்கவில்லை. மேடேறி வந்தது. எல்லாப் பக்கமிருந்தும்.

பாதத்தைத் தொட்டது. நிற்கவில்லை. கணுக்கால். முழங்கால். கால்சட்டையோடு ஒட்டி மெல்லிய கோடுகளாக மேலே ஏறியது. வயிறு. நெஞ்சு.

அவன் கன்னத்துக் கண்ணீரும் திசை மாறியது.

மார்போடு கிடந்த பிள்ளை கண் விழித்து, அப்பாவைப் பார்த்து, வாயைத் திறந்தான்.

மடக்.