மொன்செர்வோ மதில்

எதிரே வந்த கிழவர் ஒதுங்கவில்லை. லிந்தாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

ஊரைச் சுற்றிய மதில்மேல் நடைபாதை ஓர் ஆள் அகலம். வெளிப்பக்கம் மார்பு உயரத்துக்குச் சுவர் உண்டு. ஊர்ப்பக்கம் ஒரு கம்பிகூடக் கிடையாது; நாலு மாடி ஆழத்தில் கல் பாவிய முற்றங்களும் ஆரஞ்சு மரங்களும் பாசி பிடித்த ஓட்டுக் கூரைகளும்தான். எதிரெதிரே இருவர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள, மற்றவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போவார். இதுவரை எல்லோரும் அப்படித்தான் போனார்கள். கம்பளித் தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக வந்த இந்தக் கிழவர் மட்டும் நேராக அவள் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் விரித்தார்.

"பயப்படாத மகளே. சேர்ந்து திரும்பிக்கலாம்."

அவள் வேண்டாம் என்பதற்குள் கட்டிப் பிடித்துவிட்டார். திருவிழா நடனத்தில் ஜோடியைச் சுழற்றுவதுபோல் அரை வட்டம். அந்த அரை வட்டத்தில் ஒரு கணம் அவளுடைய குதிகால்களுக்குக் கீழே காற்று மட்டும்தான் இருந்தது. அவர் கோட்டில் பாச்சை உருண்டை நெடி, விறகுப் புகை, அவற்றுக்கும் அடியில் காலையில் திறந்த இறைச்சிக் கடையின் ஈர வாடை. மறுபக்கம் அவளை இறக்கி வைக்கும்போது காதோரம் முணுமுணுத்தார்:

"லேசாத்தான் இருக்க."

முன்னால் போய்க்கொண்டிருந்த அவள் கணவன் அமீல்கர் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். "அறுபது வயசுல உனக்கு ஒரு ஆள் மாட்டிட்டான் பாரு!"

"சும்மா இரு. எனக்குத் தலை சுத்துது. இறங்கிடலாம்."

"இறங்குற படி அந்தக் கோபுரத்துக்குள்ளதான் இருக்கு லிந்தா. முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் சொல்றேன், பின்னாடியே வா."

"உன் பஸ்ஸுக்குக் கதவாவது இருந்துச்சு."

அவன் மறுபடி சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகத்தான் அவள் இந்த உயரத்துக்கே ஏறி வந்திருந்தாள். மகள் லக்ஸம்பர்க் போன பிறகு வீட்டில் இருவரும் பேசுவது உப்பு எங்கே, சாவி எங்கே என்ற அளவுக்குச் சுருங்கிப் போயிருந்தது. இன்று காலை அவனாகவே, மொன்செர்வோ வரைக்கும் போய் மதில் பார்த்து, காட் மீன் வறுவல் சாப்பிட்டுவிட்டு இருட்டுவதற்குள் திரும்பலாம் என்றான். மதியம் மேஜைக்கு அடியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

தன் மேல்கோட்டை நீவிவிட்டபோது விரல் பிசுபிசுத்தது. கிழவரின் கை பதிந்த இடத்தில் நாலு விரல்களின் தடம். கருஞ்சிவப்பு. செர்ரி மதுவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். முகர்ந்து பார்த்தாள். மது இல்லை.

கீழே ஒரு முற்றத்தில் ஏப்ரன் கட்டிய பெண் ஒருத்தி குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஜனவரிக் குளிரில், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில். சாக்கடைக்கு ஓடிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். லிந்தா பழக்கத்தில் கையசைத்தாள். அந்தப் பெண் பதிலுக்கு அசைக்கவில்லை. குழாயை மூடிவிட்டு, நனையாமல் இருக்க நாலடி பின்னால் நகர்ந்து நின்றாள்.

எதற்காக நகர்ந்தாள்?

"அமீல்கர், நில்லு. நமக்கு முன்னாடி ரெண்டு பேர் போனாங்களே, மஞ்சள் சட்டைக்காரங்க... எங்க?"

"கோபுரத்துக்குள்ள போயிருப்பாங்க."

கோபுரத்துக்கு அப்பால் ஒரு ஆரஞ்சு மரம் குலுங்கியது. கிளை முறியும் ஓசை. பிறகு, ஈர மாவு மூட்டையைத் தரையில் போட்டதுபோல் ஒரு சத்தம். சற்றுப் பொறுத்து இன்னொன்று. கத்தல் எதுவும் கேட்கவில்லை. காற்று நின்றிருந்தது, உடைந்த பழங்களின் வாசனை மெல்ல மேலே ஏறி வந்தது.

அமீல்கரின் முகத்தில் சிரிப்பு போய்விட்டது. "திரும்பிடலாம்," என்றான்.

திரும்பிப் பார்த்தாள். கிழவர் போகவில்லை. கொஞ்ச தூரத்தில், பாதையின் நடுவில், இவர்களைப் பார்த்தபடி நின்றிருந்தார். கைகளைக் கோட்டில் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேண்டாம். முன்னாடியே போயிடலாம். சீக்கிரம்."

கோபுர வாசலிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். தேவாலயப் பூசை முடிந்து வருபவளைப் போல் பச்சை உடை, முத்துத் தோடு, முழங்கையில் கைப்பை. பருத்த உடம்பு. அமீல்கர் சுவரோடு ஒட்டி வழி விட்டான். அவள் தாண்டிப் போகவில்லை. அவனைப் பார்த்துக் கைகளை விரித்தாள்.

"விடும்மா, நான் ஒதுங்கிக்கிறேன்," என்றான் அமீல்கர்.

"அட, வெக்கப்படாதீங்க."

கட்டிப் பிடித்தாள். தூக்கினாள். அரை வட்டம்.

கையை விட்டாள்.

அமீல்கரின் விரல்கள் விளிம்பைப் பற்றின. உடம்பு ஊர்ப்பக்கம் தொங்கியது. ஷூ கழன்றுபோன ஒரு கால் சுவரைத் தேடித் தேடி உதைத்தது. "லிந்தா!" என்றான். அவள் தவழ்ந்து போனாள். அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். சூடாக இருந்தது. நாடி துடித்தது.

பச்சை உடைக்காரி குதிகாலை அவன் விரல்கள்மேல் வைத்து அழுத்தினாள். எலும்பு நொறுங்கும் ஓசை லிந்தாவின் கைக்குள்ளேயே கேட்டது.

"விட்டுடுப்பா. வீட்டுல சூப் ஆறிக்கிட்டு இருக்கு."

நழுவினான். கீழே துணி துவைக்கும் கல்தொட்டி இருந்தது. அதன் விளிம்பில் தலை மோதியது. லிந்தா கண்ணை மூடவில்லை. மூட முடியவில்லை.

பிறகு என்ன செய்தோம் என்று அவளுக்கே முழுதாகத் தெரியாது. பாய்ந்தாள். தோட்டைக் கடித்தாள். காது மடலோடு வந்தது. வாயெல்லாம் உப்பு. பெண்ணின் தலைமுடியைப் பற்றிச் சுவரில் அடித்தாள். மறுபடி அடித்தாள். மறுபடியும். நெற்றி பிளந்தது. அந்தப் பெண் தடுக்கவே இல்லை. ரத்தத்துக்கு நடுவே கண்கள் அவளை அன்போடு பார்த்தன.

"பலசாலிதான் நீ," என்றாள்.

லிந்தா தள்ளினாள்.

அந்தப் பெண் சத்தமில்லாமல் விழுந்தாள். கைப்பை மட்டும் பாதையில் கிடந்தது.

ஓட வேண்டும். கோபுரம். படி. எழுந்தாள். சுவரைப் பிடித்து நிமிர்ந்தாள்.

கோபுர வாசலில் ஒரு குடும்பம் நின்றிருந்தது. தகப்பன், தாய், வெள்ளைக் காலுறை போட்ட இரண்டு பெண் குழந்தைகள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் பலர். பின்பக்கம் திரும்பினாள். கிழவருக்குப் பின்னால் ஒருவர், அவருக்குப் பின்னால் ஒருவர். ஊரைச் சுற்றி, கோபுரத்துக்குக் கோபுரம், மதில் நெடுக ஒற்றை வரிசை. ஞாயிற்றுக்கிழமை உடுப்பு. அவசரமே இல்லாத நடை.

சாயும் வெயிலில் அத்தனை பேரும் கைகளை விரித்திருந்தார்கள்.