மூன்று மணி முதல் ஆறு மணி வரை

"இத அமுக்குனா ஈப்போ வரைக்கும் கேக்குமாய்யா?"

"கேக்கும். அமத்தின உடன மணி அடிக்கும்."

"மழ பேஞ்சாலும்?"

"ஓம் ஓம், மழையெண்டாலும் கேக்கும், இடியெண்டாலும் கேக்கும். இனி நீர் ஒண்டுக்கும் பயப்பட வேண்டாம்."

"அப்ப சரிங்கய்யா. இன்னொண்ணும் ஒங்ககிட்ட கேக்கணும்..."

"பிறகு கேளும். எனக்கு இன்னும் ரெண்டு இடம் கிடக்கு."

சிலிம் ரிவர் தோட்டத்தில், ரப்பர் தாள்களைப் புகையில் உலர்த்தும் புகைக்கூடத்தின் வாசலில் நின்று செல்லாயி கேட்டதும் ஸ்கந்தராஜா சொன்னதும் இவ்வளவுதான். அதன் பிறகு அவர் மூன்று முறை அந்தத் தோட்டத்துக்குப் போனார். மூன்று முறையும் அவள் ரப்பர் பால் காய்ந்த கைகளைக் கைலியில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். மூன்று முறையும் அவர் காரின் கதவைத் திறந்தபடியே "பிறகு" என்றார். அவள் என்ன கேட்க வந்தாள் என்பது இன்னும் அவருக்குத் தெரியவில்லை. கேட்க அவள் இப்போது உயிரோடும் இல்லை.

1984ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. குனோங் ராபாட்டிலுள்ள வீட்டிலிருந்து ஈப்போ ஆபீஸுக்குக் காரை ஓட்டிக்கொண்டு வரும்போது அந்தப் பேச்சுதான் அவர் காதில் திரும்பத் திரும்ப ஓடியது. புறப்படும்போது சட்டையை எடுத்துக் கொடுத்த மனைவி தவமணி, காலரை மூக்கருகே வைத்து முகம் சுளித்தாள்.

"ரெண்டு தரம் தோய்ச்சிட்டன். இன்னும் புகை மணக்குது. எங்கேயப்பா போய் நிண்டனீங்கள்?"

அவர் வேறு சட்டை கொண்டுவரச் சொன்னார். அதிலும் அந்த வாடை இருந்தது. ரப்பர் விறகின் புகையும், காயாத ரப்பர் தாளின் புளித்த வீச்சமும் சேர்ந்த வாடை. தவமணி கடைத்தெருவில் புதிதாக வாங்கி, அன்று காலைதான் காகிதத்தைப் பிரித்த சட்டை அது.

கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவுக்கு அவர்தான் மேற்பார்வையாளர். தோட்டங்களில் ஐந்து இடங்களில் ஐந்து பெட்டிகள் வைத்திருந்தார்கள். சம்பள ஆபீஸ், சரக்கறை, பால் தொட்டி, புகைக்கூடம், இஞ்சின் கொட்டகை. ஆறாவது பெட்டி ஈப்போவிலுள்ள கம்ப்யூட்டர் அறையிலேயே இருந்தது. ஒவ்வொரு பெட்டியும் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு சமிக்ஞை அனுப்பும். வராவிட்டால் ஈப்போ ஆபீஸில் மணி அடிக்கும். ஆபத்தென்றால் அமுக்கச் சிவப்புப் பொத்தானும் உண்டு. எந்தத் தடம், அதாவது எந்தப் பெட்டியின் இணைப்பு, எத்தனை முறை தவறினால் மணி அடிக்க வேண்டும், எந்த நேரத்தில் அடிக்கக் கூடாது என்பதையெல்லாம் திரையில் தட்டி வைப்பது அவர் வேலை.

"உங்கட பெரட்டு மாதிரித்தான்" என்று அவர் தோட்டத்து ஆட்களுக்கு விளக்கியிருந்தார். "விடிய உங்கட பேரைக் கூப்பிட, 'இருக்கேன்' எண்டு சொல்லுறீங்கள்தானே? அதைத்தான் இந்தப் பெட்டியும் சொல்லும்."

அந்த உதாரணம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. செல்லாயி வாய்விட்டுச் சிரித்தாள். "நான் செத்தாலும் இது இருக்கேன்னு சொல்லுமாய்யா?" என்று கேட்டாள்.

நான்காம் தடம் புகைக்கூடம். பிற்பகலில் மழை இறங்கினால் போதும், இடி மின்னலில் அந்த மணி தானாக அடித்தது. ஈப்போவிலிருந்து தகவல் போனதும், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி மழையில் நனைந்துகொண்டு மோட்டார் சைக்கிளில் ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று போனில் ஏசினார். நான்காவது முறை ஏச்சு வாங்கிய அன்று ஸ்கந்தராஜா திரையின் முன் உட்கார்ந்து ஒரே வரி தட்டினார். நான்காம் தடம், மூன்று முதல் ஆறு வரை மணி வேண்டாம், காரணம் மழை. ஒரு நிமிட வேலை. அதைத் தோட்டத்தில் யாருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

அதிலிருந்து பத்தொன்பதாம் நாள் பிற்பகல், தாள்களைத் திருப்பிப்போட உள்ளே போன செல்லாயியின் பின்னால் காற்று கதவை அடித்துச் சாத்தியது. வெளித்தாழ் தானாக விழுந்தது. மறுநாள் பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை.

அன்று காலை அச்சு இயந்திரத்தில் தொங்கிய தாளை முதலில் பார்த்தது ஸ்கந்தராஜாதான். மூன்று பன்னிரண்டில் தொடங்கி, நாற்பத்தொரு வரி. ஒவ்வொன்றும் "நான்காம் தடம், உதவி." அவர் அதைக் கிழித்து, மடித்து, சட்டைக்குள் வைத்துக் கொண்டுபோய் வீட்டுப் பின்புறச் சாக்கடையோரம் எரித்தார். விறகு அடுக்கிவிட்டு அவள் உள்ளேயே தூங்கிவிட்டாள் என்று தோட்டத்தில் எழுதி முடித்தார்கள். அவள் மகள் பாப்பா மட்டும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. எங்கம்மா வேலையில தூங்குறவ இல்ல, கண்டிப்பா அமுக்கியிருப்பா என்று தொழிலாளர் அலுவலகத்தின் படியில் போய் நின்றாள். நாளை, திங்கட்கிழமை, அதிகாரிகள் வந்து திரையைத் திறந்து பார்ப்பார்கள். நான்காம் தடத்தின் அந்த ஒரு வரி இன்றே அழிந்தாக வேண்டும். அழிந்தால் பழி செல்லாயியோடு போகும். அழியாவிட்டால் வேலை, பெயர், தவமணியின் முகத்தைப் பார்க்கும் தைரியம், எல்லாம் போகும்.

ஈப்போ ஆபீஸின் கீழ்த்தளத்து மேசையில் காவலாளி பத்துமலை கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருந்தான்.

"என்னாங்கய்யா, ஞாயித்துக்கெழமகூட அக்கா வெரட்டி வுட்டுட்டாங்களா?"

"கொஞ்சம் வேலை கிடக்கு. அரை மணித்தியாலம்தான்."

"மேல கதவுல உள்கைப்பிடி ஆடுதாம்லா. ஆசாரியக் கூப்புடவான்னு பியூன் உடையப்பன் ஒங்கள ரெண்டு வாட்டி கேட்டானாம்."

"பிறகு பாப்பம்."

"மாட்டிக்கிட்டா மணிய அடிங்க." பத்துமலை தலைக்கு மேல் சுவரிலிருந்த மணியைக் காட்டிச் சிரித்தான். "அடிக்காம நான் மேல வர மாட்டேன். போன தடவ சும்மா ஏறி வந்ததுக்கு என்னா ஏச்சு ஏசுனீங்க!"

மாடியிலிருந்த அந்தக் கம்ப்யூட்டர் அறைக்குச் சன்னல் கிடையாது. கதவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த கண்ணாடி. குளிர்சாதனத்தின் இரைச்சலும், இயந்திரங்களின் ஓயாத முனகலும், சூடேறிய தூசியின் மெல்லிய வாடையும் எப்போதும் அங்கே நிறைந்திருக்கும். பகலா இரவா, வெளியே வெயிலா மழையா என்று உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அலமாரியின் மேல் தட்டில், புகைக்கூடத்திலிருந்து கழற்றிக் கொண்டுவந்த நான்காம் பெட்டி கரி அப்பிக் கிடந்தது. அதன் கம்பியை அவரே வெட்டியிருந்தார். இரண்டு அங்குலத் துண்டு எலிவால்போல் நீட்டிக்கொண்டிருந்தது.

கதவு மெதுவாகப் பின்னால் சாத்திக்கொண்டது.

அவர் உட்கார்ந்தார். ஆறு தடங்களும் திரையில் பச்சை எழுத்தில் வரிசையாக வந்தன. நான்காம் தடத்துக்குப் போய், மூன்று முதல் ஆறு வரை என்பதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தார். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்து ஏற்றுக்கொண்டது. அவ்வளவுதான். நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியதுபோல் நீண்ட மூச்சு ஒன்று விட்டார். போகும் வழியில் தவமணிக்குப் பிடித்த பலகாரம் வாங்க வேண்டும் என்றுகூட நினைத்தார்.

எழுவதற்கு முன் திரையை இன்னொரு முறை பார்த்தார்.

ஆறாம் தடம், கம்ப்யூட்டர் அறை. மூன்று முதல் ஆறு வரை மணி வேண்டாம். காரணம், மழை.

அவர் அதைத் தட்டவில்லை. எரிச்சலோடு அழித்தார். அழிந்தது. விரலை எடுத்ததும் திரும்ப வந்தது. மறுபடி அழித்தார். மறுபடி வந்தது, எழுத்தெழுத்தாக, நிதானமாக, எழுதப் பழகாத ஒருவர் ஒவ்வொரு விசையாகத் தேடி அமுக்குவதுபோல. சுவர்க் கடிகாரத்தில் மூன்று அடித்து நான்கு நிமிடம். அப்போதுதான் மழைச் சத்தம் கேட்டது. துத்தநாகக் கூரையில் கொட்டும் பெருமழை. இந்த அறையில் ஒருநாளும் மழை கேட்டதில்லை. தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சத்தம் மேலிருந்து வரவில்லை. அலமாரியிலிருந்து வந்தது. கரி அப்பிய பெட்டிக்குள் மழை பெய்துகொண்டிருந்தது.

அதன் சிறு விளக்கு எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

இருக்கேன். இருக்கேன். இருக்கேன்.

அவர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் பாய்ந்தார். கைப்பிடியைப் பிடித்துத் திருகினார். அது ஒரு சுற்று சும்மா சுற்றியது. பிறகு, பழுத்த பழம் காம்பிலிருந்து கழல்வதுபோல், கையோடு வந்துவிட்டது.

கண்ணாடி வழியாகப் படிக்கட்டும், அதன் அடியில் பத்துமலையின் மேசையும் தெரிந்தன. கதவைக் குத்தினார். கத்தினார். வெளியிலும் மழை வலுத்திருக்க வேண்டும். பத்துமலை தலைநிமிரவே இல்லை. ஸ்கந்தராஜா சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார். பத்துமலையின் தலைக்கு மேல் மணி அசையவில்லை. பின்னால் அச்சு இயந்திரம் மட்டும் ஒரு வரி அடித்தது.

ஆறாம் தடம், உதவி.

மறுபடி அமுக்கினார். மறுபடி ஒரு வரி. கீழே பத்துமலை செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினான்.

தொலைபேசியை எடுத்தார். அதில் விறகு வெடிக்கும் சத்தம்.

"ஹலோ? ஆரது? ஆரங்கே?"

யாரோ இருமினார்கள். நெடுநேரம் இருமினார்கள்.

"இருக்கேன்யா."

தொலைபேசி கையிலிருந்து நழுவியது. வெட்டிய கம்பியின் நுனியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. முதலில் ஊதுவத்திபோல் ஒரு நூல். பிறகு கயிறு. பிறகு அலமாரியின் தட்டுகள் மறைந்தன. குளிர்சாதனம் ஒரு முறை விக்கி நின்றது. அவருக்குத் தெரிந்த வாடை. சட்டையில் வந்த வாடை. கண் எரிந்தது. அமுக்கினார். அமுக்கினார். அச்சு இயந்திரம் ஒவ்வொன்றையும் எழுதியது. பதினேழு. இருபத்தாறு. ஏன் எண்ணுகிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. எண்ணாமல் இருக்கவும் முடியவில்லை. முப்பத்தெட்டு. கீழே பத்துமலை எழுந்து சோம்பல் முறித்தான். மேலே பார்த்தான். நேராக அந்தக் கண்ணாடியைப் பார்த்தான். ஸ்கந்தராஜா கழன்ற கைப்பிடியாலேயே கதவை அறைந்தார். பத்துமலை மணியைப் பார்த்தான். அடிக்கவில்லை. உட்கார்ந்துகொண்டான்.

நாற்பது.

விரல் பொத்தானின் மேலேயே நின்றது. அமுக்க வரவில்லை. செல்லாயியின் தாளில் எத்தனை வரி என்று அவருக்குத்தான் தெரியுமே.

முதுகுக்குப் பின்னால் ஈரக் கைலியின் சரசரப்பு. நின்றது. மிகக் கிட்டே.

"மழதாங்கய்யா" என்றது குரல். கோபமே இல்லாத குரல். "மழன்னுதானே எழுதுனீங்க?"

அவர் திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை. தோளுக்கு மேலாக ஒரு கை மெல்ல நீண்டு அவர் முகத்துக்கு முன்னால் வந்து விரிந்தது. விரல்களில் நகம் இல்லை. உள்ளங்கையில் தோல் இல்லை. கதவைப் பிறாண்டிப் பிறாண்டித் தேய்ந்த கை. அது எதையும் பிடிக்கவில்லை, எதையும் நெரிக்கவில்லை. ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்வதற்காக விரித்தபடியே காத்திருந்தது.

"பிறகு" என்ற சொல் பழக்கத்தில் அவர் நாக்கு வரை வந்தது. அதைக் கடித்து விழுங்கினார்.

"கேளும்" என்றார். "கேளும் செல்லாயி. இப்பவே கேளும்."

"அவசரமில்லய்யா. ஆறு மணி வரைக்கும் நேரமிருக்கு."

கீழே மணி அசையாமல் தொங்கியது. அச்சு இயந்திரம் தானாக நாற்பத்தொன்றாவது வரியை அடித்தது. கழன்று வந்த கைப்பிடி இன்னும் அவர் பிடியிலேயே இருந்தது. விரித்த கை இன்னும் ஓர் அங்குலம் அதன் பக்கமாக நகர்ந்தது. எத்தனையோ நாளாகத் தொண்டையிலேயே வைத்திருந்ததை, அவள் அவர் காதோரம் குனிந்து, மரியாதையாக, மெதுவாகச் சொன்னாள்.

"கதவுக்கு உள்பக்கமா ஒரு கைப்பிடி போட்டுக் குடுங்கய்யா."