ஆறு மீட்டரில் ஆடிய முள்

உயிரின் விலை நாற்பதாயிரம், இருபத்தெட்டாயிரம், பன்னிரண்டாயிரம் என்று மூன்று தினுசாக அந்த டைவிங் கடையின் மேசைமேல் கிடந்தது. மூன்றும் ரெகுலேட்டர்கள். கடலுக்கடியில், முதுகுச் சிலிண்டரில் முறுக்கிக்கொண்டு நிற்கும் காற்றைச் சாந்தப்படுத்தி வாய்க்குத் தருபவை. நிறத்தை வைத்து வெள்ளி, கறுப்பு, நீலம் என்று கூப்பிட்டார்கள். ஏதாவது ஒரு கம்பெனியில் நாற்பது உருப்படி வாங்க வேண்டும். முதலாளியின் தங்கை நாளைக்கு ஒன்றாக வாயில் கவ்விக்கொண்டு இறங்கி மார்க்குப் போட்டாள்.

திங்கட்கிழமை வெள்ளி தேறியது. செவ்வாய்க்கிழமை கறுப்பு தேறியது. புதன்கிழமை காலை 10.24-க்கு, நீலத்தோடு போனவளைப் படகில் தூக்கிப் போட்டபோது அவளுக்கு நினைவில்லை.

11.40. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்தார். எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்காதவர், வாக்குமூலத்தையும் அப்படித்தான். முதல் காரியமாக நீல ரெகுலேட்டரைப் பையில் போட்டு, சீல் வைத்து, துறைமுகப் பட்டறைக்கு அனுப்பினார்.

"மேடம், இந்த மெக்கானிக்கை உள்ள தள்ளுங்க," என்றார் முதலாளி. "நீலம் நீலம்னு என் காதைத் தின்னவன் இவன். முந்தாநாள் அதைப் பிரிச்சு மாட்டுனவனும் இவன்."

"தங்கச்சியை மேல கொண்டுவந்தவனும் நான்தான் முதலாளி," என்றார் மெக்கானிக். தலை இன்னும் ஈரமாக இருந்தது.

"நீலத்துமேல அப்படி என்ன பாசம்?" என்று கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"நானே சர்வீஸ் பண்ணலாம் மேடம். ரப்பர் வளையம் எந்தக் கடைலயும் கிடைக்கும். வெள்ளி சொகுசா மூச்சு தரும், இல்லேங்கல. ஆனா வருஷாவருஷம் அவங்க ஏஜென்சிக்கு அனுப்பணும். வண்டி நம்மது, சாவி அவங்ககிட்ட."

"நீங்க மாட்டுனதுல தப்பு இருந்தா?"

"ஜெயில்தான். தெரியும்."

12.15. தங்கையின் கணவர் கண்களைத் துடைத்தபடி வந்தார். கடைக்குக் கொள்முதல் பார்ப்பவர். கடை முழுக்க அவரை மாப்பிள்ளை என்றே அழைத்தது. செல்போனை நீட்டினார். "மெக்கானிக் கை வெச்ச பிறகு வேற யாரும் அதைத் தொடல மேடம். நானே படம் எடுத்திருக்கேன், பாருங்க."

படம் 10.05-க்குத் தொடங்கியது. அவள் படகின் விளிம்பில் கடலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறாள். மெக்கானிக் சிலிண்டர் குமிழை முழுக்கத் திறக்கிறார். வாயில் வைக்கும் பகுதியின் பொத்தானை அழுத்திப் பிடிக்கிறார். ஐந்து விநாடி காற்று சீறிக் கொட்டுகிறது. பக்கத்திலேயே சிலிண்டர் காற்றை அளந்து காட்டும் அழுத்தமானி, அதன் முள் இருநூறில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. கட்டைவிரலை உயர்த்திவிட்டு மெக்கானிக் கடலில் குதிக்கிறார். 10.06-க்குப் படம் முடிந்தது.

"குதிச்சு எங்க போனீங்க?"

"நேரா இருபத்தஞ்சு மீட்டருக்கு. நங்கூரக் கயித்தைப் பிடிச்சுட்டு அங்கயே காத்திருந்தேன். எப்பவும் அப்படித்தான்."

அவள் தண்ணீருக்கடியில் எழுதிய பலகையை இன்ஸ்பெக்டர் எடுத்தார். மூன்று வரிகள்.

ஆறு மீட்டர்: மூச்சு சரி. முள் ஆடுது.
பதினைந்து: இறுக்கம்.
இருபத்தைந்து: வெறும் கிறுக்கல்.

"அழுத்தமானியும் ஓட்டை போல," என்றார் முதலாளி. "மலிவுச் சரக்கு!"

1.00. படகோட்டி முறை.

"முதலாளி தங்கச்சி குதிச்சது எப்ப?"

"10.11. மாப்பிள்ளை பக்கத்துல நின்னு சிலிண்டரைத் தாங்கிட்டிருந்தார், பாரம் தெரியக்கூடாதுன்னு. தங்கமான மனுஷன்."

"நீங்க?"

"ஸ்டீயரிங்ல. அலையில அதை விட்டா படகு சுத்திரும்."

"மேல தூக்கினப்புறம் சிலிண்டரை மூடினது யாரு?"

"நான்தாங்க. தொட்டதும் மூடிக்கிச்சு. அரைச் சுத்துகூட இல்ல."

அதன்பின் இன்ஸ்பெக்டர் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. இரண்டு போன் பேசினார்.

4.30. எல்லோரையும் கடையில் கூட்டினார். "பட்டறைலேர்ந்து சொல்லிட்டாங்க. நீலத்துல ஒரு குறையும் இல்ல."

மெக்கானிக் ஸ்டூலில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்ப என் சம்சாரம் பயந்திருக்கா," என்றார் மாப்பிள்ளை. "விபத்து. அவ்வளவுதான் மேடம்."

"ரெகுலேட்டர் மக்கர் பண்ணினா மூச்சு இறுகும், அழுத்தமானி முள் அசையாது. ஏன்னா அது பார்க்கிறது சிலிண்டர் பக்கத்துக் காத்தை. முள் ஆடணும்னா சிலிண்டர் குமிழே கிட்டத்தட்ட முழுக்க மூடியிருக்கணும். வீட்டுத் தொட்டி வால்வைக் கொஞ்சமா திறந்து வெச்சாலும் ஒரு டம்ளர் பிடிக்கலாம். குளிக்க நின்னா தெரிஞ்சிரும். ஆழத்துல ஒவ்வொரு மூச்சுக்கும் காத்து கூடுதலா வேணும். அங்கதான் கழுத்தைப் பிடிக்கும். முழுக்கத் திறந்த குமிழை மூட நாலு சுத்து வேணும். இவர் தொட்டதும் மூடிக்கிச்சு."

"அப்ப இவன் சரியா திறக்கல!" முதலாளி மெக்கானிக்கைக் காட்டினார்.

"திறந்தார். அஞ்சு விநாடி காத்தைக் கொட்டியும் முள் அசையல. சாட்சி, மாப்பிள்ளை எடுத்த படமே. அப்புறம் மெக்கானிக் இருபத்தஞ்சு மீட்டர்ல. தங்கச்சி அவரைப் பார்க்கிறதுக்கு முன்னால, ஆறு மீட்டர்லயே முள் ஆடிருச்சு. படகோட்டி கை ஸ்டீயரிங்ல. அஞ்சு நிமிஷம் குமிழ் பக்கத்துல நின்னவர் ஒருத்தர்தான். படம் எடுத்தவர் படத்துல இருக்க மாட்டார், அதான் யாரும் அவரைப் பார்க்கல."

மாப்பிள்ளை கேட்டார், "நான் எதுக்கு மேடம் மூடணும்?"

"வெள்ளிக் கம்பெனிக்குப் போன் போட்டேன். இந்த ஊர் சர்வீஸ் ஏஜென்சி உங்க பேர்லயாம். இந்தக் கடை நாற்பது வாங்கினா உறுதியாகுமாம். நாற்பதும் வருஷம் தவறாம உங்க வாசலுக்குத்தான் வரும்."

மாப்பிள்ளை மேசைமேல் கிடந்த வெள்ளியைத் தள்ளி வைத்தார். "சாகணும்னு நினைக்கல. கொஞ்சம் இறுக்கினா நீலத்துக்கு மார்க்குக் குறையும், அவ மேல வந்துருவான்னு..."

"என் தங்கச்சி மூச்சை வெச்சா பேரம் பேசின, மாப்ள?" என்றார் முதலாளி. மெக்கானிக் பக்கம் திரும்ப அவருக்கு முகமில்லை.

6.10. மருத்துவமனை. அவள் கண் விழித்திருந்தாள். இன்ஸ்பெக்டர் சொல்லி முடிக்கும்வரை கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தோள்ல தட்டிக் கொடுத்தார் மேடம். பாசம்னு நினைச்சேன்." பிறகு வாசலைப் பார்த்து, "மெக்கானிக் எங்க?"

"வெளிய நிக்கறார்."

"அவரோட உபரி மூச்சுக் குழாயை என் வாய்ல திணிச்சார். பயம் தெரியாம இருக்க, மேல வர்ற வரைக்கும் மூச்சை எண்ணினேன். முப்பத்தொண்ணு. அதுக்கப்புறம்தான் மயக்கம்." இன்ஸ்பெக்டரின் நோட்டைக் காட்டினாள். "எழுதிக்குங்க. மெக்கானிக்குக்கு முப்பத்தொரு மூச்சு பாக்கி. புருஷனுக்கு ஒண்ணும் பாக்கியில்ல."